பக்கெட்டில் அள்ளின எண்ணெய்: எது மிதக்கும், எது மூழ்கும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையில் பெரிதாகக் கை வைக்கவில்லை.)

இன்னிக்கு எபிசோடுக்கு உங்க சமையல்கட்டுல இருந்து நாலு பொருள் வேணும். ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி, கொஞ்சம் சமையல் எண்ணெய், ஒரு கைப்பிடி உப்பு, ஒரு கமலா ஆரஞ்சு. மெட்ரோல நின்னுட்டே கேக்கறவங்க வீட்டுக்குப் போய் பண்ணிப் பாருங்க.

எது மிதக்கும், எது மூழ்கும். ஆறாம் வகுப்பு சயின்ஸ் தானேன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். நான் படிச்சது மெக்கானிக்கல், வேலை பாக்கறது சாஃப்ட்வேர், நம்ம ஊர்ல பாதிப் பேர் கதை இதுதான். காலேஜ்ல ஆர்க்கிமிடீஸ் விதியை ரெண்டு மார்க் கேள்வியா எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா அது எனக்குப் புரியலைன்னு தெரிஞ்சது எர்ணாவூர் கடற்கரையில, கையில பக்கெட்டோட நின்னப்போ.

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. ஒண்ணு பிடபிள்யூ மேப்பிள்ங்கற எல்பிஜி கப்பல், சரக்கை இறக்கிட்டு வெளிய போயிட்டு இருந்தது. இன்னொண்ணு டான் காஞ்சிபுரம், பெட்ரோலியப் பொருள் ஏத்திக்கிட்டு உள்ள வந்துட்டு இருந்தது. எண்ணெய் கடல்ல கொட்டிச்சு. பெட்ரோல் மாதிரி காத்துல ஆவியாகிப் போற வகை இல்ல, கப்பல் இன்ஜினுக்குப் போடற கெட்டியான எரிபொருள். ஆரம்பத்துல சொன்ன அளவு ரொம்பக் கம்மி. நாள் ஆக ஆக அந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. எண்ணெய் திருவொற்றியூர் கரைக்கு வந்தது, மெரினாவைத் தாண்டித் தெற்கேயும் போச்சு.

அப்புறம் நடந்ததை நீங்க ஃபோட்டோல பாத்திருப்பீங்க. மீனவர்கள், கடலோரக் காவல்படை, காலேஜ் பசங்க எல்லாரும் வரிசையா நின்னு பிளாஸ்டிக் பக்கெட்ல கறுப்புக் குழம்பை அள்ளிக் கை மாத்திவிட்ட படம். அந்த வரிசையில நானும் ஒருநாள் நின்னேன். எண்ணெய் தண்ணியில மிதக்கும், மேலாக்க வழிச்சு எடுத்தா முடிஞ்சதுன்னு நினைச்சுத்தான் போனேன். பக்கத்துல நின்ன மீனவ அண்ணன் ஒருத்தர் நான் வழிக்கிறதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொன்னார்: “தம்பி, மேல மட்டும் வழிச்சா ஆவாது. காலுக்குக் கீழ தடவிப் பாரு.” தடவிப் பாத்தேன். கல்லு இடுக்குல, மணலோட மணலா, கட்டி கட்டியா இருந்தது. எண்ணெய் எப்படி அடியில போச்சு? ரெண்டு மார்க் பதில்ல அது இல்ல.

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்குத்தான்.

வாட்டர் பாக்கெட் கணக்கு

ஆர்க்கிமிடீஸ் தொட்டியில இருந்து எழுந்து ஓடின கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுடலாம். எனக்குப் புரிஞ்ச வழி வேற. கடையில விக்கிற வாட்டர் பாக்கெட் இருக்குல்ல, அதுல ஒண்ணைக் காத்துக் குமிழ் இல்லாம எடுத்து ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள விடுங்க. மேலயும் ஓடாது, டபக்குன்னு கீழயும் போகாது. விட்ட இடத்துல சோம்பேறித்தனமா அப்படியே நிக்கும்.

ஏன்? அந்தப் பாக்கெட்டுக்கும் எடை இருக்கு, பூமி அதைக் கீழ இழுக்குது. ஆனாலும் விழல. அப்போ சுத்தி இருக்கற தண்ணி அதைச் சரியா அதே அளவு மேல தள்ளுது. ஆழம் போகப் போக அழுத்தம் கூடுறதால, பாக்கெட்டோட அடியில விழற தள்ளு மேல விழற தள்ளை விட அதிகம். அந்த வித்தியாசம்தான் தூக்கிப் பிடிக்குது.

இங்கதான் எனக்குப் பல்பு எரிஞ்சது. சுத்தி இருக்கற தண்ணிக்குப் பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அந்த இடத்துல, அந்த சைஸ்ல ஏதோ ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். உள்ள தண்ணியை எடுத்துட்டு இரும்பை வெச்சாலும் அதே தள்ளு, தெர்மாகோலை வெச்சாலும் அதே தள்ளு. அதனால எந்தப் பொருளைப் பாத்தாலும் ஒரே கேள்விதான் கேக்கணும்: உன் சைஸ்ல ஒரு வாட்டர் பாக்கெட் இருந்தா, நீ அதை விட கனமா, லேசா?

எவ்வளவு கனம்னு தனியா கேட்டா பதில் தப்பாத்தான் வரும். கமலா ஆரஞ்சைத் தண்ணியில போடுங்க, மிதக்கும். தோலை உரிச்சுட்டுப் போடுங்க, பெரும்பாலும் மூழ்கிடும். எடை குறைஞ்சிருக்கு, ஆனா மூழ்குது! தோல் கொஞ்சம் எடையைச் சேத்தாலும் நிறையக் காத்தைப் பிடிச்சு வெச்சிருந்தது, சைஸை ஏத்திக் காட்டுச்சு. ஒரு லைஃப் ஜாக்கெட் மாதிரி.

பிரியாணி பார்சல்ல வர்ற சில்வர் ஃபாயிலை வெச்சும் பண்ணலாம். அகலமா கிண்ணம் மாதிரி மடிச்சா மிதக்கும், உருண்டையாக் கசக்கினா மூழ்கும்னு எல்லா வீடியோலயும் சொல்வாங்க. நான் கசக்கிப் போட்டேன், ஜாலியா மிதந்தது. உள்ளுக்குள்ள அவ்வளவு காத்து. சப்பாத்திக் கட்டையால நாலு தட்டு தட்டின அப்புறம்தான் மூழ்குச்சு. அம்மா கேட்ட கேள்விகளை எடிட்ல எடுத்துட்டோம்.

கட்டுமரமும் கப்பலும்

காசிமேட்டுல நின்னா ரெண்டு வகை மிதப்பை ஒரே பார்வையில புரிஞ்சுக்கலாம். கட்டுமரம்னா கட்டின மரம், பேர்லயே எல்லாம் இருக்கு. இங்கிலீஷ்காரங்க இந்த வார்த்தையை எடுத்துட்டுப் போய், ரெட்டை உடம்பு கொண்ட வேற ஒரு படகுக்குப் பேரா வெச்சுட்டாங்க. நம்ம கட்டுமரத்துல குழிவான உடம்பே கிடையாது. மரமே தண்ணியை விட லேசு, அதான் மிதக்குது. அலை மேல ஏறிப் போனாலும் தண்ணி இடுக்கு வழியா வடிஞ்சுடும். குடுக்க ஓட்டையே இல்லாத ஒண்ணை எப்படி மூழ்கடிப்பீங்க?

ஆனா அதுக்கும் ஒரு எதிரி உண்டு. மரம் மெல்ல மெல்லத் தண்ணியைக் குடிக்கும், கனம் ஏறும், தண்ணிக்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைஞ்சுக்கிட்டே வரும். அதனாலதான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியா மணல்ல காயப் போடறது. சின்ன வயசுல நான் அதை ரிப்பேர் வேலைன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ஃபைபர் போட்டு வேற கதை. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரை முழுக்க அதுதான் பெருகிச்சு. ஃபைபரும் ரெசினும் தண்ணியை விட கனம். போட்டை மிதக்க வைக்கிறது அதுக்குள்ள இருக்கற காலி இடம். தண்ணி உள்ள ஏறுனா ஆட்டம் முடிஞ்சது. அதுக்காகத்தான் மூடின அறைகள்ல நுரையை அடைச்சு வைக்கிறாங்க. கப்பலும் இதே கதைதான், சைஸ் மட்டும் பெருசு. எண்ணூர்ல நிலக்கரி இறக்குற கப்பலைப் பாருங்க. சுமையோட வர்றப்போ அடியில இருக்கற சிவப்புப் பெயிண்ட் தண்ணிக்குள்ள இருக்கும். இறக்கி முடிச்சா சிவப்பு பல அடி மேல வந்து தெரியும். எவ்வளவு ஏத்தலாம்னு பக்கவாட்டுல ஒரு வட்டமும் கோடுகளும் போட்டிருப்பாங்க. 1876ல பிரிட்டன்ல சாமுவேல் பிளிம்சால் போராடிச் சட்டமாக்கின கோடு அது. அதிக சரக்கு ஏத்தி, இன்சூரன்ஸும் எடுத்து, மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகள் இருந்த காலம். நல்ல தண்ணிக்கு ஒரு கோடு, கடல் தண்ணிக்கு ஒரு கோடுன்னு தனித்தனியா இருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணி ஒரு கிலோ, கடல் தண்ணி சுமார் 1.025 கிலோ. அதாவது கடல்ல வாட்டர் பாக்கெட்டே கனம், தள்ளும் அதிகம்.

சரி, அந்த 25 கிராம் பெருசா? முட்டையைக் கேளுங்க. உப்புத் தண்ணியில முட்டை மிதக்கும்னு எல்லாரும் பண்ணியிருப்போம். நல்ல புது முட்டையை எடுத்துட்டுப் போய் எண்ணூர் கடல் தண்ணியில விட்டா மிதக்குமா? மிதக்காது. புது முட்டையோட அடர்த்தி கிட்டத்தட்ட 1.08. டம்ளர் தண்ணியில கடல் அளவுக்கு உப்பு போடணும்னா ஒண்ணரை டீஸ்பூன் போதும். முட்டை மிதக்கணும்னா ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் தேவைப்படும். ஆக, கடல்ல மிதக்குமா மூழ்குமாங்கறது பல சமயம் ரொம்பச் சின்ன வித்தியாசத்துல தீர்மானமாகுது. இந்த வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க, வித்தியாசம்.

எண்ணெய்க்கு வருவோம்

மிதக்கற பொருள்ல எவ்வளவு பங்கு வெளிய தெரியுதுன்னு பாத்தா அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சுடும். தெர்மாகோல் கிட்டத்தட்ட முழுசும் வெளியதான் இருக்கும். ஐஸ் கட்டியோட அடர்த்தி 0.92, பத்துல ஒரு பங்குக்கும் குறைவாத்தான் வெளிய தெரியும். தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய அதே 0.92. கப்பலுக்குப் போடற கெட்டி எண்ணெய் 0.95க்கு மேல, 0.99 வரைக்கும்கூட போகும். 0.98ன்னு வெச்சுக்கிட்டா, கடல்ல அதோட ஒரு கட்டி 95 சதவீதத்துக்கு மேல தண்ணிக்குள்ளதான் இருக்கும். மிதக்குதுன்னு சொல்றோம், ஆனா மூக்கு நுனி மட்டும்தான் வெளிய. ஒரு சின்ன அலை அழுத்தினாலே உள்ள போயிடும். திரும்பி மேல வர்றது ரொம்ப மெதுவா நடக்கும்.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. கப்பல் எரிபொருளுக்கு சர்வதேசத் தர விதி ஒண்ணு உண்டு. அதுல பரவலாப் பயன்படற வகைகளுக்கு அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 991 கிலோவைத் தாண்டக்கூடாது. அது என்ன 991? கப்பல்ல எரிபொருளை இன்ஜினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி சுத்தற இயந்திரத்துல போட்டுத் தண்ணியைப் பிரிப்பாங்க, நம்ம தயிர் கடையற மாதிரி. எண்ணெயும் தண்ணியும் ஒரே கனமா இருந்தா என்ன சுத்தினாலும் பிரியாது. சாதாரண இயந்திரம் வேலை செய்யக் குறைஞ்சபட்சம் அந்த ஒன்பது கிலோ வித்தியாசமாவது வேணும். அவ்வளவு ஓரத்துல நிக்கிற சரக்குதான் கடல்ல கொட்டினது.

கொட்டின அப்புறம் ரெண்டு விஷயம் நடக்கும். முதல் விஷயம், அலை கடையும். எண்ணெய்க்குள்ள பொடிப்பொடியா கடல் தண்ணி மாட்டிக்கும். பளபளன்னு இருந்த கறுப்பு எண்ணெய் பழுப்புக் குழம்பாகும். இந்தக் குழம்புல 70 சதவீதம் வரைக்கும்கூட தண்ணி இருக்கலாம். அப்படின்னா ஒரு லிட்டர் எண்ணெய் மூணு லிட்டருக்கு மேல ஆகிடுது. கொட்டினதை விட அள்ளினது அதிகமா இருக்கேன்னு பேப்பர்ல வந்த எண்களைப் பாத்து அப்போ பலரும் குழம்பினாங்க. அளவுக்கணக்குல யார் மறைச்சாங்கங்கறது தனிக் கதை, ஆனா அள்ளினதுல பெரும்பங்கு தண்ணிங்கறதும் உண்மை. கழிவுநீர் உறிஞ்சுற லாரிகள் கொண்டு வந்தும் ஏன் பக்கெட் தேவைப்பட்டதுன்னா, குழாய்க்குள்ள போகாத அளவு அது கெட்டி.

இப்போ அடர்த்தி என்ன? 0.96 எண்ணெய் முப்பது பங்கு, 1.025 கடல் தண்ணி எழுபது பங்கு. கணக்குப் போட்டா சுமார் 1.005. கடல்ல இது இன்னும் மிதக்கும், ஆனா மயிரிழையில. நல்ல தண்ணியில விட்டா மூழ்கிடும்!

ரெண்டாவது விஷயம் மணல். இதுக்குத்தான் உப்பு எடுத்து வைக்கச் சொன்னேன். டம்ளர் தண்ணி மேல விரல் உயரத்துக்கு எண்ணெய் ஊத்துங்க. அது மேல உப்பைத் தூவுங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க. உப்பு எண்ணெயை ஒட்டிக்கிட்டு உருண்டையா அடியில இறங்கும். எண்ணெய் மூழ்குது! கொஞ்ச நேரத்துல உப்பு தண்ணியில கரைஞ்சு போயிடும், விடுபட்ட எண்ணெய் குமிழ் குமிழா மேல ஏறி வரும். பாக்கவே நல்லா இருக்கும், குழந்தைங்க இருக்கற வீட்ல கண்டிப்பாப் பண்ணுங்க. இப்போ உப்புக்குப் பதிலா மணல்னு யோசிங்க. மணல் கரையாது. அடியில போனது அடியிலயேதான்.

எவ்வளவு மணல் வேணும்? கணக்குப் போட்டேன். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டரைக் கடல்ல மூழ்கடிக்கணும்னா சுமார் 170 கிராம் மணல் ஒட்டணும். நாம சொன்ன அந்தக் கடைஞ்ச குழம்பு ஒரு லிட்டருக்கு? முப்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல. ஒண்ணரை டேபிள்ஸ்பூன் மணல், மக்களே. எர்ணாவூர் கரையில அலை ஒருதடவை உடைஞ்சாலே அதை விட அதிக மணலைக் கிளப்பும்.

அண்ணன் காலுக்குக் கீழ தடவச் சொன்னது இதைத்தான். நடுக்கடல்ல மிதக்கறப்போ எண்ணெய் ஒரே இடத்துல, ஒரே மட்டத்துல இருக்கு. சுத்தி மிதவை வேலி போட்டு மடக்கலாம், மேலாக்க உறிஞ்சலாம். கரையைத் தொட்டு மணல் சேந்துட்டா பாதி மேல, பாதி அடியில, மீதி கருங்கல் தடுப்போட இடுக்குல. அதுக்கு மேல எந்த மெஷினும் இல்ல, மனுஷன் கைதான். அதனால முதல் ரெண்டு நாள் பெருசா ஒண்ணும் கொட்டலன்னு பேசிட்டு இருந்ததை என்னால லேசா எடுத்துக்க முடியல. மிதக்கற நேரம் வீணாப் போச்சு. அதுவும் ஜனவரி மாசம், நம்ம கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வர்ற சீசன். ஆமைக்கு மூச்சு விட மேல வந்தே ஆகணும். எண்ணெய் இருக்கறதும் அதே மேல்மட்டம்தான்.

2023 டிசம்பர்

கிட்டத்தட்ட ஏழு வருஷம் கழிச்சு மிக்ஜாம் புயல். இந்தத் தடவை எண்ணெய் கடல்ல இருந்து வரல, மணலித் தொழிற்பகுதியில இருந்து வெள்ளத்தோட வந்தது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம்னு போச்சு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது.

எண்ணெய்ப் பிசுக்கு கலந்த தண்ணியைப் பொதுவா எப்படிச் சுத்தம் பண்றாங்கன்னா, ஒரு தொட்டியில தேக்கி வைப்பாங்க. எண்ணெய் மேல வரும், வழிச்சு எடுப்பாங்க. நல்ல தண்ணியை அடியில இருந்து வெளிய விடுவாங்க. மிதப்பை நம்பின ஏற்பாடு, எளிமையானது, நல்லாவே வேலை செய்யும். ஆனா இந்த மாதிரித் தொட்டி வெள்ளத்துல நிரம்பி வழிஞ்சா முதல்ல வழியறது எது? மேல இருக்கறது. எதைப் பிடிச்சு வைக்கத் தொட்டி கட்டினோமோ, அதுவே முதல் ஆளா வெளிய போகும்.

வீட்டுக்குள்ளயும் அப்படித்தான். வெள்ளம் ஏறறப்போ எண்ணெய் மேல சவாரி பண்ணி உள்ள வரும். தண்ணி வடியறப்போ வெளிய போகாம சுவர்ல, துணியில, பீரோல படிஞ்சுடும். அந்தத் தெருக்கள்ல வெள்ளம் எவ்வளவு உயரம் வந்ததுன்னு அளக்க ஸ்கேல் தேவைப்படல, சுவர்ல கறுப்புக் கோடே இருந்தது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கமெல்லாம் போட்டும் வலையும் பிசுக்கு. அலையாத்திச் செடிகளோட வேர்லயும் படிஞ்சது. ஓதம் ஏறி இறங்கற ஒவ்வொரு தடவையும் மேல்மட்டம் அந்த வேரைத் தடவிட்டுத்தான் போகும். இறால் பிடிக்கிறவங்க அங்க தண்ணிக்குள்ள இறங்கிக் கையால தடவித்தான் பிடிக்கிறாங்க. நான் ஒருநாள் பண்ண வேலை அவங்களுக்குத் தினசரி.

எண்ணூர் ஆத்துல மூழ்கற இன்னொரு பொருளையும் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். அனல்மின் நிலையச் சாம்பல். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணியோட கலந்து குழாயில அனுப்புவாங்க. அந்தச் சாம்பல்லயே ஒரு சின்னப் பங்கு உள்ள காலியான, பொடிப்பொடிக் கண்ணாடி உருண்டைகள். அது மிதக்கும். சாம்பல் குளங்கள்ல அதைத் தனியா வழிச்சு நல்ல விலைக்கு விக்கிறாங்க. மீதி தண்ணியை விட ரொம்பக் கனம், அடியில படியும். குழாய் கசிஞ்சு கொசஸ்தலையாத்துல படிஞ்சு படிஞ்சு ஆழமே போச்சுன்னு அங்க மீனவர்கள் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்காங்க. போட்டு மிதக்கணும்னா அதோட எடைக்குச் சமமான தண்ணியை ஒதுக்கணும். ஒதுக்க அங்க அவ்வளவு ஆழம் இல்லன்னா, ஓட்டை இல்லாத போட்டும் தரை தட்டி நிக்கும்.

உப்பு எண்ணெய் சோதனையைப் பண்ணினா வீடியோ எடுத்து அனுப்புங்க. கல்லுப்பு, தூளுப்பு ரெண்டுலயும் பண்ணிப் பாருங்க, எதுல எண்ணெய் ரொம்ப நேரம் அடியில தங்குதுன்னு எழுதுங்க. நான் பாத்துட்டேன், சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் பாக்கலாம்.